பழைய மோட்டார்க் காரைப் பேணுதல்: ஸ்ரியறிங்கும் ஹோர்னும்

பழமையைப் பேணுதல் என்றதும் கோயிற் கோபுரமும் ஏட்டுச் சுவடியும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த வரிசையில் ஒரு மோட்டார்க் காரையும் சேர்த்துப் பேசினால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், ஒரு தலைமுறையின் தொழிலையும் பயணத்தையும், கல்யாண ஊர்வலத்தையும் ஆசுபத்திரி ஓட்டத்தையும் சுமந்த ஒரு பொறி, அந்தத் தலைமுறையின் கைத்திறனுக்கும் அறிவுக்கும் சான்றாக நிற்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. அத்தகைய காரைப் பழுதுபார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இன்று உலகெங்கும் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கின்றது.

அக்கலை முழுவதையும் இச்சிறு பேச்சில் அடக்க இயலாது. காரின் இரண்டு உறுப்புக்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். ஒன்று ஸ்ரியறிங் சில்லு, மற்றது ஹோர்ன். இவ்விரண்டையும் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சாரதியின் கை ஓயாமல் பற்றியிருப்பது ஸ்ரியறிங்கை. அக்கை ஆபத்து வேளையில் தேடுவது ஹோர்னை. இயந்திரம் பழுதானால் கார் நின்றுவிடும். ஸ்ரியறிங் பழுதானாலோ கார் நிற்பதில்லை. எங்கே போகின்றது என்பது மட்டும் நம் கையை விட்டுப் போய்விடுகின்றது. ஆதலால், மினுமினுப்பான வர்ணத்துக்கும் நிக்கல் பூச்சுக்கும் பொருளைச் செலவிடுமுன் இவ்விரண்டையும் கவனிப்பது அறிவுடைமையாகும்.

முதலில் இவற்றின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1886ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் உரிமம் பெற்ற முச்சில்லு மோட்டார் வண்டியில் இன்று நாம் அறிந்த வட்ட வடிவான ஸ்ரியறிங் இருக்கவில்லை. ஒரு செங்குத்துத் தண்டின் உச்சியில் பொருத்திய கைப்பிடியைத் திருப்பியே அதனைச் செலுத்தினார்கள். படகின் சுக்கானைப் பிடிப்பது போன்ற முறை அது. மெதுவாகச் செல்லும் வண்டிக்கு அது போதுமானதாயிருந்தது. வேகம் கூடியபோது, பாதையில் ஒரு கல் தடுக்கினாலும் கைப்பிடி சாரதியின் கையை உதறிவிட்டுத் திரும்பியது. 1894இல் பாரிஸ் நகரத்திலிருந்து ரூவான் நகரத்துக்கு நடந்த ஓட்டத்தில் அல்பிறெட் வாஷ்றோன் என்பவர் தமது பனார் காருக்கு வட்டமான சில்லைப் பூட்டி வந்தார். இரு கைகளும் பற்றக்கூடிய அந்த வட்டத்தின் நன்மையை ஏனையோரும் விரைவில் உணர்ந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் கைப்பிடி மறைந்து சில்லு நிலைபெற்றது.

ஹோர்னின் கதையும் சுவையானதே. பிரித்தானியாவில் 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தானாக இயங்கும் வண்டிக்கு முன்னே ஒருவர் செங்கொடி பிடித்து நடந்து செல்லவேண்டும் என்று விதித்தது. அத்தகைய கட்டுப்பாடுகள் 1896இல் நீங்கின. முன்னே நடந்த மனிதர் போனபின், வண்டி தன் வருகையைத் தானே அறிவிக்கவேண்டிய கடமை ஏற்பட்டது. றப்பர் உருண்டையை அமுக்கினால் பித்தளைக் குழலில் ஒலி எழும் ஊதுகுழல் அவ்வாறு காருக்கு வந்து சேர்ந்தது. 1908ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் கிளாக்சன் என்னும் ஹோர்ன் விற்பனைக்கு வந்தது. அதனை ஆக்கியவர் மில்லர் றீஸ் ஹட்சிசன். பற்களையுடைய ஒரு சிறு சில்லு சுழன்று, மெல்லிய உருக்குத் தகட்டின் நடுவிலுள்ள குமிழை உரசுவதனால் அதன் கர்ச்சனை பிறந்தது. பின்னர் மின்காந்தத்தால் அதிரும் ஹோர்ன் பரவலாயிற்று. இன்று நாம் பழங்கார் என்று போற்றும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது இவ்வகையே.

இலங்கையிலே பழங்கார் என்றால் மொறிஸ் மைனரை மறந்து பேச முடியாது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இக்கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் நம் தீவுக்கு வந்தவை நீண்டகாலம் உழைத்தன. 1960களில் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு 1977இல் தளர்த்தப்படும்வரை புதுக்கார் கிடைப்பது அரிதாக இருந்தமையால், இருந்த காரை உயிரோடு காப்பதே வழியாயிற்று. வடபகுதியிலோ 1990களில் பெற்றோல் கிடையாத காலத்தில், கார்புரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, பின் மண்ணெண்ணெயிலேயே மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் காரையும் ஓட்டினார்கள். நோயாளியையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றவை அக்கார்களே. ஆகவே, நம் நாட்டில் ஒரு பழங்காரைத் திருத்துவது செல்வர்களின் பொழுதுபோக்கு மாத்திரமன்று. கராஜ்காரர்களின் கையிலே வளர்ந்த ஒரு பெரும் அனுபவ அறிவைக் காப்பதுமாகும்.

இனி ஸ்ரியறிங் சில்லின் உடலமைப்பைப் பார்ப்போம். மிகப் பழைய கார்களில் வெளிவட்டம் மரத்தாலானது. அதன்பின் வன்மையாக்கிய கறுப்பு றப்பரும், செலுலோயிட்டும், வேறு பிளாஸ்ரிக் வகைகளும் வந்தன. எதுவாயினும் உள்ளே ஓர் உருக்கு வளையம் இருக்கும். அதிலிருந்து ஆரைகள் நடுக்குடத்துக்குச் செல்லும். நடுக்குடத்தின் உள்ளே நுண்ணிய பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஸ்ரியறிங் தண்டின் மேலுள்ள பற்கள் அப்பள்ளங்களில் பொருந்த, மேலே ஒரு பெரிய நட் இறுக்கிப் பிடிக்கும். வெளியே நம் கைக்குத் தெரிவது தோல். உள்ளே மறைந்திருக்கும் உருக்கே எலும்பு.

தோல் வெடிப்பது ஏன்? வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் மிகும். அவ்வெப்பத்தில் பிளாஸ்ரிக் உருக்கைவிடப் பன்மடங்கு விரிகின்றது. இரவில் குளிரும்போது அதேயளவு சுருங்க முயல்கின்றது. உள்ளேயுள்ள உருக்கு அவ்வாறு இசைந்து கொடுப்பதில்லை. அன்றியும், காலம் செல்லச் செல்லப் பிளாஸ்ரிக்கிற்கு நெகிழ்ச்சி தரும் பொருள் ஆவியாகிப் போக, அது நிரந்தரமாகவே சுருங்கி இறுகுகின்றது. ஒருநாள் கோடு விழுகின்றது. அக்கோட்டின் வழியே கையின் வியர்வையும் மழைக்காலத்து ஈரமும் உட்புக, உருக்கு துருப்பிடிக்கின்றது. துரு உருக்கைவிட அதிக இடத்தை அடைப்பதால் உள்ளிருந்து தள்ளி வெடிப்பை மேலும் பெருக்குகின்றது. ஆரைகள் வெளிவட்டத்தைச் சேரும் இடங்களிலேயே வெடிப்புக்கள் பெரும்பாலும் தோன்றுவதைக் காணலாம்.

திருத்த முற்படுவோர் முதலிற் செய்யவேண்டியது பற்றறியின் தொடுப்பைக் கழற்றிவிடுவது. ஹோர்னின் மின்சாரம் சாவி திறவாமலே வந்துகொண்டிருக்கும் கார்கள் பல. அதன்பின் முன்சில்லுகளை நேராக நிறுத்தி, தண்டின் நுனியிலும் நடுக்குடத்திலும் ஒரே நேர்கோட்டில் சிறு அடையாளம் இடவேண்டும். ஒரு பல் தவறிப் பூட்டினாலும் நேர்ப்பாதையில் ஆரைகள் சாய்ந்து நிற்கும். நடுவிலுள்ள ஹோர்ன் குமிழை மரத்துண்டு அல்லது துணி சுற்றிய திருப்புளி கொண்டு மெல்ல நெம்பி எடுக்கவேண்டும். அக்குமிழ் பழைய பிளாஸ்ரிக் ஆதலால் அவசரத்தைப் பொறுக்காது. எந்தப் பொருள் எந்த வரிசையில் வந்ததோ, அந்த வரிசையிலேயே ஒரு பலகையில் வைத்துக்கொண்டால் பின்னர் மயக்கம் வராது.

நட்டைக் கழற்றிய பின்னும் சில்லு எளிதில் வராது. ஆண்டுக்கணக்கில் இறுகிய பிடி அது. இவ்விடத்தில் சுத்தியலை எடுப்பவர்கள் பலர். தண்டின் தலையில் விழும் ஒவ்வோர் அடியும் கீழேயுள்ள ஸ்ரியறிங் பல்லமைப்புக்கே போய்ச் சேருகின்றது. மேலே ஒரு சில்லைக் காப்பாற்றக் கீழே அதைவிடப் பெறுமதியான பாகத்தைக் கெடுப்பது என்ன நியாயம்? துருவகற்றும் எண்ணெயை ஓரிரவு ஊறவிட்டு, கராஜ்களில் புளர் என்று சொல்லப்படும் இழுவைக் கருவியைப் பூட்டி நிதானமாக இழுக்கவேண்டும். அப்போதும் நட்டை முற்றாக எடுத்துவிடாமல் சில புரிகளில் நிற்கும்படி விட்டுவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். திடீரெனப் பிடிவிட்டு வரும் சில்லு முகத்தில் மோதாமல் அந்த நட் காத்துக்கொள்ளும்.

சில்லு கைக்கு வந்ததும் திருத்தும் வேலையைத் தொடங்கிவிடலாகாது. இங்கேதான் மிக முக்கியமான தீர்ப்பு ஒன்று இருக்கின்றது. இச்சில்லு திருத்தத்தக்கதா, அல்லவா? நடுக்குடத்தின் பள்ளங்கள் தேய்ந்து வட்டமாகியிருந்தால் அது வண்டியில் ஏறத் தகுதியற்றது. ஆரை நடுக்குடத்தோடு சேரும் இடத்தில் அசைவு காணப்பட்டாலும், உருக்கு வளையம் துருவினால் மெலிந்தோ முறிந்தோ இருந்தாலும் அவ்வாறே. மேலே எத்தனை அழகான பூச்சுப் பூசினாலும் அது முறிந்த எலும்புக்கு மேல் சந்தனம் பூசியது போலாகும். திருத்தும் பசை தோலுக்கு மருந்தேயன்றி எலும்புக்கு மருந்தன்று. அத்தகைய சில்லு தந்தையார் ஓட்டியதாக இருக்கலாம். அதன்மீது பற்று மிகுதியாக இருக்கலாம். அதனைச் சுவரில் மாட்டிப் போற்றுவோம். வண்டிக்கு நல்லதொரு சில்லைத் தேடிப் பூட்டுவோம். பழம்பொருளின் மீதுள்ள அன்பு உயிரின் மீதுள்ள அன்பை வென்றுவிடலாகாது.

எலும்பு உறுதியாக இருக்குமாயின் தோலைத் திருத்தலாம். வெடிப்பின் வாயைச் சிறுவாளாலும் முக்கோண அரத்தாலும் ஆப்பு வடிவில் அகலப்படுத்தி, உருக்கு தெரியும்வரை திறக்கவேண்டும். ஒடுங்கிய கோட்டின் மேல் பூசிய பசை உட்செல்லாது. சில மாதங்களில் அதே கோடு மீண்டும் தோன்றும். உருக்கில் உள்ள துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி உலரவிடவேண்டும். பின்னர் எண்ணெய்ப்பசை சிறிதும் இல்லாமல் துடைக்கவேண்டும். பல்லாண்டுக் காலம் கை பட்ட இடத்தில் எண்ணெய் ஊறியிருக்கும் என்பதை நினைவில் வைத்தல் நன்று.

நிரப்புவதற்கு ஏற்றது எபொக்சி எனப்படும் இருபகுதிப் பசை. ஒரு பகுதி பிசின். மற்றது அதனை இறுகச் செய்யும் பொருள். சொல்லப்பட்ட அளவில் ஒரே நிறமாகும்வரை பிசைந்து வெடிப்பினுள் அழுத்தி, பழைய மேற்பரப்பைவிட 2 மில்லிமீற்றர் அளவு மேலெழும்படி விடவேண்டும். 24 மணிநேரம் தொடாமல் விடுதல் நலம். அதன்பின் அரத்தால் உருவமைத்து, 80ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி 120, 240, 400 என்று மென்மையான தாள்களுக்குச் செல்லவேண்டும். வெளிவட்டத்தின் பின்புறத்தில் விரல்கள் பதிவதற்கென்று அலையலையான பள்ளங்கள் இருக்கும். அவற்றை நிரவிவிடாமல், ஒரு தும்புத்தடியின் துண்டில் அரத்தாளைச் சுற்றித் தேய்த்தால் பள்ளத்தின் வளைவு கெடாது. கண்ணைவிட விரலே இங்கு நல்ல நீதிபதி. கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தால் எஞ்சிய மேடுபள்ளம் உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக அடிப்பூச்சும், அதன்மேல் கைத்தேய்வைத் தாங்கும் வன்மையான வர்ணமும் மெல்லிய படைகளாக ஏறவேண்டும். ஒவ்வொரு படையும் நன்றாக உலர்ந்தபின் அடுத்ததைப் பூசுவதே முறை. தூசியைக் குறைக்க நனைத்த அரத்தாளால் தேய்ப்பதும், மூக்கையும் வாயையும் மறைத்துக்கொள்வதும் அவசியம். இருபகுதி வர்ணங்கள் சிலவற்றின் ஆவி மூச்சுப்பைக்குத் தீங்கு செய்வது. அவற்றைத் தெளிக்கும் வேலையை உரிய முகக்கவசமும் காற்றோட்டமும் உள்ள கராஜ்காரரிடம் விட்டுவிடுவது உத்தமம். செலுலோயிட் போர்த்திய சில்லானால் மற்றோர் எச்சரிக்கை உண்டு. அது மிக எளிதில் தீப்பற்றும் பொருள். அதனருகே சுடுகாற்றுக் கருவியோ ஒட்டுவிளக்கோ வரக்கூடாது.

எவ்வளவு திருத்தவேண்டும் என்ற கேள்வி பலருக்கு எழுகின்றது. வெளிவட்டத்தின் ஒரு பக்கம், சாரதியின் வலக்கை என்றும் இருந்த இடம், வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். அதனை நிரப்பிப் புதியதாக்குவதா, அப்படியே விடுவதா? வெடிப்பு கையைக் கிழிக்கும். அதனை நிரப்புவது கடமை. தேய்வு எவருக்கும் தீங்கு செய்யாது. அது நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்த கையின் கையெழுத்து. அதனை அழிக்காமல் விடுவதே சிறந்தது என்பது என் துணிபு. நேற்றுச் செய்ததுபோல் மின்னும் சில்லு வழியில் போவோரின் கண்ணைக் கவரலாம். அதனை ஓட்டியவர் யாரென்று அது சொல்லாது.

இனி ஹோர்னுக்கு வருவோம். மின்ஹோர்னின் இயக்கம் எளியது. ஒரு கிண்ணத்தின் வாயில் மெல்லிய உருக்குத் தகடு பூட்டப்பட்டிருக்கும். கிண்ணத்தினுள்ளே செப்புக்கம்பி சுற்றிய மின்காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் தகட்டை இழுக்கின்றது. தகடு உள்ளே வரும் அக்கணத்திலே, அதனோடு சேர்ந்த ஒரு சிறுகோல் இரு தொடுகை முனைகளைப் பிரித்துவிடுகின்றது. மின்சாரம் அறுகின்றது, காந்தம் பிடியை விடுகின்றது, தகடு தன் இயல்பான இடத்துக்கு மீள்கின்றது, முனைகள் மறுபடியும் சேர்கின்றன. இவ்வாறு ஒரு விநாடியில் சில நூறு முறை நிகழ, தகட்டின் அதிர்வு நம் செவிக்கு ஒலியாகின்றது. வீட்டு வாசலில் உள்ள மின்மணியும் இதே தத்துவத்தில் இயங்குவதே.

ஹோர்ன் ஒலிக்கவில்லை என்றால் உடனே புதிய ஹோர்ன் வாங்க ஓடுவது பலர் இயல்பு. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் ஒழுங்காகச் சோதித்தால் பெரும்பாலும் அதற்கு அவசியம் ஏற்படாது. மொறிஸ் மைனர் போன்ற அக்காலப் பிரித்தானியக் கார்களில், பியூஸ் ஊடாக வரும் மின்சாரம் ஹோர்னின் ஒரு முனையில் எந்நேரமும் காத்திருக்கும். மறுமுனையிலிருந்து ஒரு வயர் ஸ்ரியறிங் நடுவிலுள்ள குமிழுக்குச் செல்லும். குமிழை அமுக்கும்போது அவ்வயர் காரின் உடலைத் தொட்டுச் சுற்று முழுமையாகின்றது. சில கார்களில் குமிழ், கைகாட்டி விளக்கின் நெம்புகோல் நுனியில் இருப்பதும் உண்டு, தத்துவம் ஒன்றே.

ஆகவே, பற்றறியைத் திரும்பவும் தொடுத்து, ஒரு சிறிய சோதனை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோர்னின் முதல் முனைக்கும் காரின் வெறும் உலோகத்துக்கும் இடையே விளக்கை வைத்தால் அது எரிகின்றதா? எரியாவிடின் குற்றம் பியூசிலோ அங்கு வரும் வயரிலோ இருக்கின்றது. பியூஸ் நல்லதாகத் தோன்றினாலும், அதனைப் பிடிக்கும் கவ்விகளில் படிந்த பச்சைக் களிம்பைச் சுரண்டிப் பார்க்கவேண்டும். விளக்கு எரிந்தால், அடுத்ததாக ஹோர்னின் இரண்டாம் முனையை ஒரு வயர் துண்டினால் காரின் உலோகத்தோடு தொடுத்துப் பாருங்கள். ஹோர்ன் ஒலித்தால் அது நலமாகவே இருக்கின்றது. நோய் குமிழிலும் அதன் வயரிலுமே. ஒலிக்காவிட்டால் மட்டுமே ஹோர்னைக் கழற்றவேண்டும். இரண்டே சோதனைகளில் நோயின் இருப்பிடம் தெரிந்துவிடுகின்றது.

குமிழின் பக்கத்துக் குற்றங்களில் ஒன்று, புதிதாகத் திருத்திய கார்களுக்கே உரியது. வர்ணம் பூசுவோர் ஸ்ரியறிங் தண்டின் பிடிகளையும், அவை தங்கும் இடங்களையும் சேர்த்து அழகாகப் பூசிவிடுவார்கள். வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. குமிழை எத்தனை முறை அமுக்கினாலும் சுற்று முழுமையடையாது. பிடி தங்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் வர்ணத்தைச் சுரண்டி உலோகத்தைக் காட்டினால் ஹோர்ன் உடனே வாய் திறக்கும். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது மட்டும் ஹோர்ன் அறுந்து அறுந்து ஒலித்தால், சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடையே மின்சாரத்தைக் கடத்தும் பித்தளைத் தொடுகை தேய்ந்திருக்கின்றது என்று பொருள். யாரும் தொடாமலே ஹோர்ன் அலறுமாயின், தண்டினுள் செல்லும் வயரின் காவலி உரிந்து உலோகத்தில் படுகின்றது. அவ்வயரை முழுமையாக மாற்றுவதே நல்லது.

1930களின் கார்கள் பலவற்றில் இதைவிட நுட்பமான அமைப்பு உண்டு. ஸ்ரியறிங் தண்டின் நடுவே, சுழலாமல் நிற்கும் ஒரு மெல்லிய குழாய் இருக்கும். ஹோர்ன் குமிழும் விளக்குகளின் ஆளியும் அக்குழாயின் உச்சியில் அமர்ந்திருக்கும். சில்லு சுழன்றாலும் அவை சுழலாது. வயர்கள் குழாயினுள்ளே இறங்கி ஸ்ரியறிங் பெட்டியின் அடியால் வெளிவரும். அக்குழாயை இழுத்தெடுக்குமுன் கீழேயுள்ள நட்டைத் தளர்த்தவேண்டும். அதே இடத்தில் எண்ணெய் கசியாதபடி தடுக்கும் சிறு வளையமும் இருக்கும். அதனைத் தவறவிட்டால் ஸ்ரியறிங் பெட்டியின் எண்ணெய் முழுவதும் நிலத்தில் வடிந்துவிடும். புதிய வயரைச் செலுத்தும் எளிய வழி, பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி, கீழிருந்து பழையதை இழுப்பதாகும்.

ஹோர்னே பழுதாயின், முதலில் அதன் வாயைப் பாருங்கள். நீண்டகாலம் கிடந்த காரின் ஹோர்னில் குளவி மண்கூடு கட்டியிருப்பது நம் நாட்டில் காணக்கூடியதே. கூட்டை அகற்றியும் ஒலி வராவிட்டால் மூடியைத் திறக்கவேண்டும். திருகாணிகளால் மூடியதைத் திறக்கலாம். தறையாணிகளால் அடித்து மூடியதை அனுபவமுள்ளவரிடம் ஒப்படைத்தல் நலம். தகட்டுக்கு அடியிலுள்ள கடதாசி வளையங்களை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தகட்டுக்கும் காந்தத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அவையே தீர்மானிக்கின்றன. ஒன்று குறைந்தாலும் ஒலி மாறிவிடும். கருகிய தொடுகை முனைகளை மெல்லிய அரத்தால் ஓரிரு முறை தடவினாற் போதும். மிகுதியாக அராவினால் முனையே இல்லாமற் போகும். தகட்டில் துரு மேலோடு இருந்தால் துடைக்கலாம். துளை விழுந்திருந்தால் மாற்றவேண்டும்.

மூடியபின் ஒலியைச் சரிப்படுத்த வெளியே ஒரு திருகாணி இருக்கும். அது ஒலியின் சுருதியை மாற்றும் ஆணி என்று பலர் எண்ணுகின்றார்கள். உண்மையில் அது தொடுகை முனைகள் பிரியும் வேளையைச் சரிசெய்வது. லூகஸ் கம்பனியின் ஹோர்ன்கள் சிலவற்றுக்குச் சொல்லப்பட்ட முறை இது: திருகாணியை இடப்புறமாகத் திருப்பி, ஒலி எழாமல் நிற்கும் எல்லையைக் காணவேண்டும்; அங்கிருந்து வலப்புறமாகக் கால் சுற்றுத் திருப்பி நிறுத்தவேண்டும். இதனைச் செய்யும்போது குமிழை நீண்டநேரம் அமுக்கிப் பிடித்திருத்தல் கூடாது. உள்ளேயுள்ள சுருள் சூடேறிக் கருகிவிடும். ஹோர்னைத் திரும்பப் பூட்டும்போது அதன் பிடியை நன்கு இறுக்குக. கிண்ணம் காரின் வேறெந்தப் பாகத்திலும் முட்டாதிருக்கட்டும். முட்டினால் தொண்டை அடைத்தவரின் குரல் போலாகிவிடும்.

றப்பர் உருண்டையுள்ள பழைய ஊதுகுழலுக்கு வேறு வைத்தியம். காலத்தால் கெட்ட உருண்டையை மாற்றலாம். குழலினுள்ளே நாதசுரத்தின் சீவாளியைப் போல ஒலி பிறப்பிக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு. அதனைத் துடைக்கலாமேயன்றி வளைக்கக்கூடாது. சிறிது வளைந்தாலும் ஊதுகுழல் ஊமையாகும். பித்தளைக் குழலை நம் வீட்டுப் பெண்கள் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் பழப்புளியால் துலக்கி, நீரால் நன்கு கழுவித் துடைக்கலாம். செய்தவரின் பெயர் பொறித்த இடத்தை மட்டும் ஓயாமல் தேய்க்காதீர்கள். பளபளப்பு அடுத்த வாரமும் வரும்; அழிந்த எழுத்து வராது.

இன்னொன்று சொல்லவேண்டும். பழங்காரின் மெல்லிய குரல் போதாதென்று லொறிகளுக்குரிய காற்று ஹோர்னைப் பூட்டுவோர் இருக்கின்றார்கள். அது அந்தக் காரின் பழைய வயருக்கும் குமிழுக்கும் தாங்கமுடியாத சுமையாகலாம்; பாதையில் நடப்போரின் செவிக்கும் அப்படியே. கடுகண்ணாவையிலும் இறம்பொடையிலும் மறைவான வளைவுகளில் எதிரே வருபவரை எச்சரிக்க, நன்றாகச் சரிப்படுத்திய பழைய ஹோர்ன் போதும். ஹோர்னின் பயன் எச்சரிப்பது, அச்சுறுத்துவதன்று.

எல்லாவற்றையும் பூட்டி முடித்தபின், முன்னர் இட்ட அடையாளத்தைப் பொருத்தி, நட்டை அக்காருக்குரிய கைநூலில் கூறிய அளவு இறுக்கி, கார் நின்ற நிலையிலேயே சில்லை ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைவரை திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஹோர்னை அமுக்கிக் கேளுங்கள். கைகாட்டி விளக்கு தானே அணைகின்றதா என்றும் கவனியுங்கள். இவை யாவும் சரியென்று கண்டபின்னரே பாதையில் இறங்கவேண்டும். முதல் ஓட்டம் வாகன நெரிசல் இல்லாத நேர்ப்பாதையில் மெதுவாக அமையட்டும். திரும்பி வந்ததும் நட்டை மறுபடியும் சோதித்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, ஒரு சில்லையும் ஒரு ஹோர்னையும் திருத்த இத்தனை பேச்சா என்று நீங்கள் எண்ணக்கூடும். அவற்றைத் திருத்தும்போது நாம் கற்பவை சில உள்ளன. எதைத் திருத்தலாம், எதை நீக்கவேண்டும், எதைத் தொடாமல் விடவேண்டும் என்னும் பாகுபாடு அவற்றுள் முதன்மையானது. குற்றத்தின் இருப்பிடத்தை அறியாமல் மாற்றுப்பொருள் தேடலாகாது என்பது மற்றொன்று. இவற்றை ஏட்டிலே படியாமல் கையாலே கற்ற முதிய கராஜ்காரர்கள் இன்றும் யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கொழும்பிலும் நம்மிடையே இருக்கின்றார்கள். ஒரு ஹோர்னின் கால் சுற்றுத் திருகாணியைக் காதினாலே அளக்கக்கூடியவர்கள் அவர்கள். உங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒரு பழங்கார் தூசி படிந்து கிடக்குமானால், அதனை விற்றுவிடுமுன் அத்தகைய ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் வேலை செய்யும்போது உங்கள் பிள்ளை ஒருவனையோ ஒருத்தியையோ அருகில் நின்று ஸ்பானரை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கார் ஓடத் தொடங்குவதோடு அவரின் கை அறிவும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.